இரண்டு ரங்கன்

"ஏண்டா, இதுல சீரங்கமே இல்லையே?" என்று அத்தை கைப்பேசியை நீட்டினார்.

ஜீயபுரம் வழியாகப் போகும் பஸ், ரயில் நேரங்களைத் தமிழில் தொகுத்து ஒரு சிறிய இணையப் பக்கம் செய்திருந்தேன். அல்லூர், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை என்று கரூர் சாலை ஊர்கள் அதில் உண்டு. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம் என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். அத்தை தேடல் பெட்டியில் ‘ஸ்ரீரங்கம்’ என்று ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தார். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று கீழே பதில் வந்திருந்தது.

என் கைப்பேசியில் அதே சொல்லை அடித்தேன். உடனே வந்தது. இரண்டு கைப்பேசிகளையும் திண்ணையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து, சுழிக்குச் சுழி ஒன்றேதான். ஆனாலும் ஒன்றில் ஊர் இருந்தது, மற்றதில் இல்லை.

ஜீயபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. இங்கே சொல்லும் கதையில் ஒரு பாட்டி உண்டு. அவள் பேரன் ரங்கன் முகம் மழித்துக்கொள்ளக் காவிரிக்கரைக்குப் போகிறான். குளிக்க இறங்கியவனை வெள்ளம் இழுத்துப் போகிறது. பழையதையும் மாவடுவையும் எடுத்துவைத்துக்கொண்டு பாட்டி ‘ரங்கா, ரங்கா’ என்று கூப்பிட்டபடி காத்திருக்கிறாள். அவள் குரலுக்கு இரங்கி அரங்கனே பேரன் வடிவில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்த நேரத்தில், எப்படியோ கரையேறிய பேரன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். ஒரே முகம், இரண்டு ஆள். ஒவ்வோர் ஆண்டும் பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரம் எழுந்தருளுவதை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் ஊரார் சொல்வார்கள்.

பாட்டியால் கண்ணைக் கொண்டு இருவரையும் பிரித்தறிய முடியவில்லை. என் நிரலுக்கோ கண்ணே கிடையாது. அது முகம் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. அதனால் நமக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஸ்ரீரங்கம் அதற்கு வேறு வேறாகத் தெரிந்தன.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ‘க’ என்று நாம் விசையை அழுத்தும்போது அது 2965 என்று குறித்துக்கொள்கிறது. பிறகு திரையில் காட்ட வேண்டிய நேரத்தில், 2965க்கு எந்த வடிவம் என்று எழுத்துருவைக் கேட்டு வரைகிறது. எண்ணைக் குறியெண் என்று சொல்லிக்கொள்வோம். எந்த எழுத்துக்கு எந்தக் குறியெண் என்ற உலகப் பொது அட்டவணைதான் யூனிகோடு என்னும் ஒருங்குறி.

அந்த அட்டவணை பரவாத காலத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு பத்திரிகையின் பக்கத்துக்கும் தனித்தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய எண்களில் அவரவர் விருப்பப்படி தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் திரை முழுக்கப் பொருளற்ற குறிகள். உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அந்தக் குறியீட்டில் ஏற்றி வந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற குறியீடுகளை ஏற்றது. 2010ல்தான் ஒருங்குறியும் டேஸ்-16ம் அரசின் தரங்களாயின. இன்று பேரன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் தமிழ்ச் செய்தி ஜீயபுரத்தில் அப்படியே திறக்கிறது என்றால், இத்தனை ஆண்டு உழைப்பின் பயன் அது.

சரி, அத்தையின் கைப்பேசிக்கு வருவோம்.

‘ஸ்ரீரங்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் கண்ணுக்கு ஐந்து: ஸ்ரீ, ர, ங், க, ம். நிரலாளரைக் கேட்டால் அவர் எதைக் கொண்டு எண்ணினார் என்பதைப் பொறுத்து ஆறு என்பார், பத்து என்பார், முப்பது என்றும் சொல்வார். நான்கு விடையும் சரி.

பத்து எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். ஒருங்குறியில் ‘ங்’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ‘ங’ ஓர் எண் (2969), மேலே வைக்கும் புள்ளி ஓர் எண் (3021). இரண்டும் சேர்ந்துதான் ‘ங்’. ‘ரீ’ என்பதும் அப்படியே: ‘ர’ ஒன்று (2992), அதன்மேல் ஏறும் ஈகாரச் சுழி ஒன்று (3008). இலக்கணம் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று படித்தோம். க் என்பதோடு அ சேர்ந்தால் க. ஒருங்குறியில் அகரம் ஏறிய ‘க’தான் முதல், அதிலிருந்து புள்ளியால் அகரத்தை நீக்கினால் ‘க்’. ஒலியின் கணக்கு ஒன்று, எழுதும் கையின் கணக்கு வேறு. கை ‘க’வை எழுதிவிட்டுப் பிறகுதான் மேலே புள்ளி வைக்கிறது, ஒருங்குறி கையின் பக்கம் நின்றுவிட்டது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வாதிட்டவர்களின் கனவுதான் டேஸ்-16. எனக்கு அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்றே படுகிறது, ஆனால் உலகம் முழுக்கக் கைப்பேசிகளில் இறங்கிவிட்டது முதல் வழி.

‘ஸ்ரீ’க்கு மட்டும் நான்கு எண்கள்: 3000, 3021, 2992, 3008. அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி. அதன் பின் வரும் ர, ங, புள்ளி, க, ம, புள்ளி ஆறும் சேர்ந்தால் பத்து.

முப்பது என்பது சேமிக்கும்போது வரும் கணக்கு. கணினியின் கொள்கலம் பைட். ஒரு பைட்டில் 256 வகையான மதிப்புகள்தான் அடங்கும். 2965ஐ அதில் திணிக்க முடியாது. இதற்கு இன்று இணையம் முழுக்கப் பயன்படும் ஏற்பாடு யுடிஎஃப்-8. 1992ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதி வகுத்தது அது. 127 வரையிலான எண்களுக்கு ஒரு பைட் போதும். ஆங்கிலம் அதில் அடங்கிவிடும். 2047 வரை இரண்டு பைட். அதற்கு மேல் 65535 வரை மூன்று. தமிழின் எண்கள் 2944ல் தொடங்குவதால் மூன்று பைட் வரிசையில் விழுகின்றன. பத்து எண், மூன்று மூன்றாக முப்பது பைட்.

ஆறு என்பது இவற்றுக்கு நடுவில் நிற்கும் கணக்கு. சார்ந்து நிற்கும் சுழியையும் புள்ளியையும் அதன் தாய் எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணும் விதி ஒருங்குறியில் உண்டு. அப்படிச் சேர்ந்ததை எழுத்துக்கொத்து என்று சொல்லலாம். ‘ங்’ ஒரு கொத்து, ‘ம்’ ஒரு கொத்து. ஆனால் ‘ஸ்ரீ’யை அந்த விதி ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகவே எண்ணுகிறது. அதனால் ஆறு. ‘ஜீயபுரம்’ என்ற சொல்லில் இந்தத் தொல்லை இல்லை; கண்ணுக்கும் ஐந்து, கொத்துக் கணக்கிலும் ஐந்து.

இந்த வேறுபாடு ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. ஒரு விண்ணப்பத்தில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று எல்லை வைத்தவர் குறியெண்களை எண்ணியிருந்தால், எல்லை ஒன்பதில் முடியும்போது நம் ஊர் ‘ஸ்ரீரங்கம’ என்று புள்ளி இழந்து நிற்கும். கடைசிப் புள்ளி மட்டும் காணாமல்போன பெயர்களை அச்சிட்ட சீட்டுகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் தம் பெயரைச் சரியாகக் கொடுத்தும் அது தவறாக அச்சாவது எனக்குப் பொறுக்காத விஷயம். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் எழுதினால் 70. அந்த எழுபதில் ஸ்ரீரங்கம் என்ற ஒரு சொல்லே பத்தைத் தின்றுவிடும்.

இப்போது அந்த இரட்டையர். அத்தை அடித்த சொல்லின் எண்களை நிரலைக் கொண்டு வெளியே எடுத்துப் பார்த்தேன். 2998, 3021, 2992, 3008. என்னுடையது 3000, 3021, 2992, 3008. முதல் எண்ணில் மட்டும் இரண்டு குறைகிறது.

நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். இணையப் பக்கங்களை எழுதும் மொழியில் எழுத்துக்குப் பதில் எண்ணைக் கொடுக்க வழி இருக்கிறது: ‘மற்றும்’ என்று பொருள்படும் ஆங்கிலக் குறி, அதையொட்டி ஹேஷ் குறி, பிறகு எண், முடிவில் அரைப்புள்ளி. நான்கு எண்களையும் இப்படி வரிசையாக எழுதி, கோப்பை எச்டிஎம்எல் என்று சேமித்து உலாவியில் திறந்தால் ‘ஸ்ரீ’ தெரியும். 3000 இருந்த இடத்தில் 2998 போட்டுப் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் அதே ‘ஶ்ரீ’ தெரியும். 2998ஐ மட்டும் தனியே விட்டால் ‘ஶ’ என்று நாம் அதிகம் பார்க்காத கிரந்த எழுத்து வந்து நிற்கும். அதுதான் இரண்டாவது ரங்கன்.

இன்னொரு சோதனையும் உண்டு. புள்ளிக்கும் ‘ர’வுக்கும் நடுவில் 8204 என்ற எண்ணைச் செருகுங்கள். அதற்கு வடிவம் கிடையாது. பக்கத்தில் இருப்பவை ஒட்டக் கூடாது என்று சொல்வதற்கான எண் அது. இப்போது ‘ஸ்ரீ’ உடைந்து ‘ஸ்’ தனியாகவும் ‘ரீ’ தனியாகவும் நிற்கும். ஸ்ரீ என்ற அழகிய கூட்டு வடிவம் எண்களில் இல்லை, எழுத்துருவுக்குள் இருக்கும் விதியில் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ‘இந்த நான்கு எண்களும் அடுத்தடுத்து வந்தால் இந்த ஒரு வடிவத்தை வரை’ என்று எழுத்துருவைச் செய்தவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த விதியைப் படித்து எழுத்தைக் கோக்கும் வேலையைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். எழுத்துருக்காரர் 2998க்கும் அதே விதியை எழுதிவிட்டதால் இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

இதற்கு நேர் எதிரானதும் நம் எழுத்து வரலாற்றில் இருக்கிறது. 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ‘லை’ என்ற எழுத்து யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு இருக்கும். அந்தப் பழைய வடிவத்துக்கும் இன்றைய வடிவத்துக்கும் ஒருங்குறியில் ஒரே எண்கள்தான், 2994ம் 3016ம். பழைய சுழியோடு ஓர் எழுத்துரு செய்தால் இன்று அடித்த கடிதம்கூடத் தாத்தா காலத்து அச்சுப்போலத் தெரியும். அங்கே எண் ஒன்று, முகம் இரண்டு. இங்கே முகம் ஒன்று, எண் இரண்டு.

ஏன் இரண்டு எண்? இதற்கு ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்திய எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது ஒருங்குறி, இந்தியாவில் 1988ல் வகுத்திருந்த இஸ்கி என்ற குறியீட்டின் அமைப்பை எடுத்துக்கொண்டது. அதன் கருத்து, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே மனைப்பிரிவு. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 வீடுகள் கொண்ட ஒரு தெரு. எந்தத் தெருவாக இருந்தாலும் ஒரே ஒலிக்கு ஒரே வரிசை வீடு. முதல் தெரு தேவநாகரி, 2304ல் தொடங்குகிறது. வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒடியா கடந்து ஆறாவது தெரு தமிழ், 2944 முதல் 3071 வரை. தேவநாகரி எழுத்தின் எண்ணோடு 640ஐக் கூட்டினால் அதே ஒலியுடைய தமிழ் எழுத்து கிடைக்கும். அங்கே ‘க’ 2325, இங்கே 2965.

ஆனால் தமிழில் ககரத்துக்கு நான்கு ஒலி வடிவம் இல்லையே. அதனால் நம் தெருவில் 2965ல் ‘க’ குடியிருக்க, அடுத்த மூன்று வீடுகளும் காலி, 2969ல்தான் ‘ங’. இதையும் சோதிக்கலாம்: 2966ஐ உலாவிக்குக் கொடுத்தால் எழுத்துக்குப் பதில் ஒரு வெற்றுப் பெட்டிதான் வரும். அப்படிப் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்று 2998. வ என்ற எழுத்துக்கும் (2997) ஷ என்ற எழுத்துக்கும் (2999) நடுவில் இருந்தது.

‘ஸ்ரீ’ வடமொழியிலிருந்து வந்தது. அதன் முதல் ஒலி ‘ஸ’ அல்ல, சகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்ட ‘ஶ’. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மங்கலச் சொல்லாகக் கிரந்தத்தில் வெட்டியிருக்கும் ஸ்ரீயும் அந்த ஒலிதான். ஆனால் தமிழ்த் தெருவில் ‘ஶ’வுக்கு வீடு திறக்காததால், பக்கத்து ‘ஸ’வை வைத்து ஸ்ரீயைக் கட்டினார்கள். பிறகு 2005ல் வெளிவந்த ஒருங்குறி 4.1ல் 2998 திறக்கப்பட்டு ‘ஶ’ குடிவந்தது. அன்றுமுதல் ஸ்ரீயை ‘ஶ’ கொண்டு எழுதுவதே முறை என்று ஒருங்குறி சொல்கிறது. ஆனால் அதற்குள் எத்தனையோ பக்கங்கள் பழைய முறையில் எழுதப்பட்டுவிட்டன. விசைப்பலகைகளில் சில பழையதையே தருகின்றன, சில புதியதை. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீதர், ஸ்ரீவித்யா என்று எத்தனை ஊரும் பேரும் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன! இரண்டையும் நிகராகக் கொள்ளுங்கள் என்று ஒருங்குறி நூல் நிரலாளர்களுக்கு அறிவுரை சொல்கிறது. சொல்வதோடு சரி, அதைச் செய்ய வேண்டியவர் நிரல் எழுதுகிறவர்.

தானாகவே ஒன்றாகிவிடும் இரட்டையர்களும் உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ‘கொ’ என்பதை ககரத்தோடு 3018 என்ற ஒற்றை எண் சேர்த்தும் எழுதலாம். கொம்பு (3014), கால் (3006) என்று இரண்டு எண்ணாகப் பிரித்தும் எழுதலாம். இவை நிகர் என்று ஒருங்குறி அட்டவணையிலேயே பதிந்திருக்கிறார்கள். இயல்பாக்கம் என்று ஒரு வேலை பல நிரல்மொழிகளில் தயாராகக் கிடைக்கும். உரையை அதில் ஒருமுறை செலுத்தினால் கொம்பும் காலும் ஒன்றாகி 3018 ஆகிவிடும். ஆனால் இரண்டு ஸ்ரீயையும் இயல்பாக்கம் தொடாது. இப்போது புதிதாக நிகர் என்று பதியவும் வழியில்லை. ஒருமுறை இயல்பாக்கிய உரை என்றைக்கும் மாறாமல் இருக்கும் என்று ஒருங்குறி வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கை நம்பித்தான் வங்கிக் கணக்கிலிருந்து கடவுச்சொல் வரை ஓடுகின்றன. எனக்கு அந்த உறுதி பிடித்திருக்கிறது, என் அத்தைக்கு அதனால் சிரமம் வந்தபோதும்.

ஆகவே கையால் ஒரு விதி எழுதினேன். 2998, 3021, 2992, 3008 என்ற வரிசை எங்கே வந்தாலும் முதல் எண்ணை 3000 ஆக்கு. இதை ஊர்ப் பெயர்களைச் சேமிக்கும்போதும் செய்ய வேண்டும், தேடுகிறவர் அடித்த சொல்லுக்கும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயன் இல்லை. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறு படி வைத்து அளந்தால் கணக்கு எப்படி நேராகும்? கண்ணுக்குத் தெரியாத 8204 போன்றவற்றையும் அதே இடத்தில் களைந்தேன்.

இதே உற்சாகத்தில் இன்னொன்றையும் திருத்தப் போனேன். ‘கௌரி’ என்பதைப் பலர் ‘கெளரி’ என்று அடிக்கிறார்கள். ஔகாரத்தின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால் க, கொம்பு, ள என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு லேசில் தெரியாது, எண்ணில் தெரியும். ‘கெள’ வந்தால் ‘கௌ’ ஆக்கு என்று எழுதலாமே என்று கை போனது. காவிரியில் பிடிபடும் கெளுத்தி மீன் நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். கெளுத்தியில் இருப்பது உண்மையான கெகரமும் உண்மையான ளகரமும். அந்த விதி அதையும் பிடித்துச் சிதைத்துவிடும். ஸ்ரீயின் இரு எண்வரிசைக்கும் எந்தச் சொல்லிலும் வேறு பொருள் இல்லை, துணிந்து ஒன்றாக்கலாம். கௌவுக்கும் கெளவுக்கும் அந்தத் துணிவு கூடாது. சொல் எது என்று தெரிந்துதான் தொட வேண்டும்.

மறுநாள் அத்தை மீண்டும் ஸ்ரீரங்கம் என்று அடித்தார். வந்தது. கிடைக்காமல் போன தேடல்களின் பட்டியலை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். இப்போது பட்டியலின் தலையில் இருந்தது ‘சீரங்கம்’. இந்தப் பக்கத்தில் எல்லோரும் வாயால் சொல்வது அதைத்தானே. அதற்கடுத்தது ‘திருவரங்கம்’. இவற்றை எந்த எண் விதியாலும் இணைக்க முடியாது. ஊரை அறிந்த ஒருவர் இதுவும் அதுவே என்று எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அத்தையைக் கேட்டேன், சீரங்கத்துக்கு இன்னும் என்னென்ன பெயர் சொல்வீங்க என்று.

சீரங்கம், திருவரங்கம், அரங்கம் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோயில்னும் சேர்த்துக்கோடா. எங்க அப்பா ‘கோயிலுக்குப் போயிட்டு வரேன்’னா சீரங்கம்தான்" என்றார்.

முதல் மூன்றையும் சேர்த்துவிட்டேன். நான்காவதை இன்னும் சேர்க்கவில்லை. கரூர் சாலை பஸ்ஸில் மேற்கே போனால் திருப்பராய்த்துறை. அங்கே ஏறுகிற பாட்டி ‘கோயில்’ என்று அடித்தால் அவள் தேடுவது தாருகாவனேஸ்வரரை.